பொட்டலம் சுமந்தவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?

#1 | குலாய் கதிர்

2025 செப்டம்பர் 25 அன்று தட்சிணாமூர்த்தி காத்தையா. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 8 அன்று பன்னீர்செல்வம் பரந்தாமன். அதற்கு முன் 2022 ஏப்ரல் 27 அன்று நாகேந்திரன் தர்மலிங்கம். மூவருமே மலேசியத் தமிழர்கள், மூவருமே ஹெராயின் வழக்கில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டவர்கள். ஒவ்வொரு முறையும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டைதான். ஒரு பக்கம் "பாவம், ஏழைப் பையன்". இன்னொரு பக்கம் "தெரிந்துதானே கொண்டு போனான்". இரண்டு நாள் கத்திவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று பேச இங்கே ஏற்கெனவே இழைகள் இருக்கின்றன. நான் கேட்க வந்தது வேறு. இந்த ஆட்களைப் பிடிப்பது யார், எப்படிப் பிடிக்கிறார்கள்?

ஜொகூர் பக்கம் மலிவு விலை அடுக்குமாடிகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தோட்டங்கள் விற்கப்பட்டபோது வெளியே வந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இது. ஒரு மோட்டார் சைக்கிள் பழுது, ஒரு மருத்துவச் செலவு, ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம் போகிறான். ஆயிரம் ரிங்கிட் கேட்டால் முதல் தவணை, "செலவு" எல்லாம் கழித்துத்தான் கையில் கொடுப்பார்கள். ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் அவர்களிடம் போய்விடும். இரண்டு தவணை தவறினால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம். அந்த நேரத்தில் ஓர் "அண்ணன்" வருவார். "நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன் தம்பி" என்பார். நிஜமாகவே பேசுவார், தொந்தரவும் நிற்கும். அப்புறம் ஒரு சின்ன உதவி கேட்பார். கடன் கொடுத்தவனும் அண்ணனும் ஒரே கூட்டம் என்பது பையனுக்குக் கடைசிவரை தெரியாது.

இதில் என்னை உறுத்துவது சிங்கப்பூர்ப் போதைப்பொருள் சட்டத்தின் 33பி பிரிவு. 2012-இல் திருத்தி, 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெறுமனே சுமந்தவர் என்று நிரூபித்து, அதோடு போதைக் கும்பலை முடக்கப் பெரிதும் உதவினார் என்று அரசுத் தரப்பின் சான்றிதழும் கிடைத்தால், நீதிபதி தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் கொடுக்கலாம். பன்னீர்செல்வம் வெறும் சுமப்பவர்தான் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பேரம் பேசத் தகவல் வேண்டும். ஆனால் சுமப்பவனிடம் தகவல் இருக்கக் கூடாது என்பதுதானே கும்பலின் முதல் விதி? பட்டப்பெயர் ஒன்று, மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு கைப்பேசி எண், "மஞ்சள் சட்டை போட்டவர் வருவார்". அவ்வளவுதான் சொல்லிவிடுவார்கள். ஒருவன் எவ்வளவு கீழே இருக்கிறானோ, அவ்வளவு குறைவாகத் தெரியும். எவ்வளவு குறைவாகத் தெரியுமோ, அவ்வளவு உறுதியாக உயிர் போகும்.

#2 | உட்லண்ட்ஸ் செல்வி

கதிர், நீங்கள் எழுதியதில் பாதி எனக்கும் உடன்பாடு. மறு பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

என் தாய்மாமா 80களில் ஹெராயினுக்கு அடிமையானவர். மறுவாழ்வு நிலையம், வீடு, மறுபடி மறுவாழ்வு நிலையம் என்றே வாழ்ந்து முடித்தார். பாட்டியின் தாலிச்செயின் முதல் என் அண்ணனின் பள்ளிக் காசுவரை எடுத்தார். அவரும் பலவீனமான மனிதர்தான். அவருக்குப் போன பொட்டலமும் யாரோ ஒரு "பாவப்பட்ட பையன்" ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்ததுதான். சுமப்பவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், வாங்கி அழிந்தவர்களுக்காக யாரும் ஏற்றிப் பார்த்ததில்லை.

இரண்டாவது, இங்கே எதுவும் மறைத்து வைக்கப்படவில்லை. முன்பெல்லாம் குடிநுழைவு அட்டையிலேயே கடத்தினால் மரணம் என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் மலேசியருக்கு 15 கிராம் ஹெராயினைத் தாண்டினால் தூக்கு என்ற கணக்கு தெரியாது என்று சொன்னால் நம்ப முடியவில்லை.

33பி வேலை செய்யவே இல்லை என்பதும் சரியல்ல. யோங் வுய் கோங் நினைவிருக்கிறதா? சபா பையன், 2007-இல் 19 வயதில் 47.27 கிராம் ஹெராயினோடு பிடிபட்டவர். இந்தத் திருத்தத்தின் கீழ்தான் 2013 நவம்பரில் அவருக்குத் தூக்கு ரத்தாகி ஆயுளும் 15 பிரம்படியும் ஆனது.

#3 | மோகன்77

எல்லாம் பணத்துக்காகச் செய்றது. மாட்டினதும் கும்பல், மிரட்டல், அப்பாவுக்கு ஆபரேஷன்னு கதை. இதே கடன் இருக்கிற ஆயிரம் பேர் ஒழுங்கா ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கலையா?

#4 | குலாய் கதிர்

//இதே கடன் இருக்கிற ஆயிரம் பேர் ஒழுங்கா ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கலையா?//

பார்க்கிறார்கள் மோகன். கும்பலுக்கு ஆயிரம் பேர் தேவையில்லை, ஆயிரத்தில் ஒருவன் போதும். அந்த ஒருவனை மோப்பம் பிடிப்பதுதான் அவர்கள் தொழில்.

நாகேந்திரன் விஷயத்தையே எடுங்கள். 2009 ஏப்ரலில் சிங்கப்பூர் எல்லையின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம். இருபதை ஒட்டிய வயது. அறிவுத்திறன் அளவு (ஐக்யூ) 69. ஐந்நூறு ரிங்கிட் கடன் கேட்கப் போன இடத்தில் இது தலையில் கட்டப்பட்டது, மிரட்டினார்கள் என்பது அவர் சொன்னது. நீதிமன்றம் நம்பவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார் என்று தீர்ப்பு. சரி, நீதிமன்றம் சொன்னபடியே வைத்துக்கொள்வோம், தெரிந்துதான் செய்தார். அப்படியானால் அனுப்பியவன் எதற்காக இப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடித்தான் என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது. சொன்னதைக் கேட்பவர், திருப்பிக் கேள்வி கேட்காதவர், பிடிபட்டாலும் கோர்வையாக எதையும் சொல்ல முடியாதவர். அவர்களுக்கு வேண்டிய தகுதியே இதுதான்.

செல்வி அக்கா, 15 கிராம் கணக்கு தெரியும் என்கிறீர்கள். பேச்சளவில் தெரியும். ஆனால் கையில் தருவது 15 கிராம் தூள் அல்ல. "பாத்து" என்பார்களே, ஒரு பவுண்டு எடையுள்ள பொட்டலம். அதில் கலப்படம்தான் பெரும்பகுதி. அதற்குள் தூய டயாமார்பின், அதாவது ஹெராயின், எவ்வளவு என்பது ஆய்வுக்கூடம் சொன்ன பிறகுதான் யாருக்குமே தெரியும். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், ஒன்றில் 13 கிராம், மற்றதில் 17. சுமந்த இருவரும் செய்தது ஒரே வேலை. ஒருவன் திரும்பி வருவான், ஒருவன் வரமாட்டான். அரசுத் தரப்பே சில வழக்குகளில் "14.99 கிராமுக்குக் குறையாமல்" என்று குற்றச்சாட்டை எழுதி உயிரை விட்டுவைப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த முடிவும் சுமப்பவன் கையில் இல்லை.

யோங் வழக்கைச் சொன்னீர்கள், நல்லது. அவரை அனுப்பியவர் என்று சொல்லப்பட்ட ஆள் சிங்கப்பூரிலேயே பிடிபட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்தில் கைவிடப்பட்டு, விசாரணையில்லாத் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். சுமந்த பையனுக்கு முதலில் தூக்கு, அனுப்பியதாகச் சொல்லப்பட்டவருக்கு வழக்கே இல்லை. சாட்சியம் போதவில்லை என்பது சட்டப்படி சரியான காரணமாக இருக்கலாம். நான் கேட்பது, சாட்சியம் ஏன் எப்போதும் மேலே போதாமலும் கீழே தாராளமாகவும் இருக்கிறது?

#5 | ஈஸ்ட்ஹாம் ரவி

லண்டனில் இளைஞர் நலப் பணியில் இருக்கிறேன். நீங்கள் ஜொகூர் பற்றி எழுதியதைப் படித்தபோது இங்கே நடப்பதையே படிப்பதுபோல் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே இதற்குப் பெயர் கவுன்டி லைன்ஸ். லைன் என்பது ஒரு கைப்பேசி எண். லண்டன், லிவர்பூல், பர்மிங்காம் போன்ற நகரங்களில் இருப்பவன் அந்த எண்ணை வைத்திருப்பான். தொலைதூரச் சிற்றூர்களில், கடலோர ஊர்களில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகும். ஹெராயினையும் கிராக் கொக்கைனையும் கொண்டுபோய்க் கையில் கொடுப்பது 14, 15, 16 வயதுப் பிள்ளைகள். எண்ணை வைத்திருப்பவன் பொருளைத் தொடவே மாட்டான். 2019-இல் தேசியக் குற்றத் தடுப்பு முகமை கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட எண்கள் 2,000 அளவுக்கு இருந்தன.

பிள்ளைகளை எங்கே பிடிக்கிறார்கள்? பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் படிக்கும் மையத்தின் வாசலில். காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகள். அம்மா இரவு வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். முதலில் கோழி பொரியல் கடையில் சாப்பாடு, அப்புறம் காலணி, அப்புறம் கைப்பேசி. "நீ என் தம்பி மாதிரி". உங்கள் ஊர் அண்ணன்தான், வேறு மொழி பேசுகிறான்.

கடன் விஷயத்தில் மட்டும் இவர்கள் ஒரு படி மேலே. ஜொகூரில் பையன் ஏற்கெனவே கடனாளி. இங்கே பிள்ளைக்குக் கடனே இருக்காது, அதனால் உண்டாக்குவார்கள். சரக்கோடு அனுப்பிவிட்டு, வழியில் தங்கள் ஆட்களையே விட்டுப் பிடுங்கச் சொல்வார்கள். பிள்ளை அடிபட்டு, பயந்து, வெறுங்கையோடு திரும்பும். "நீ தொலைச்சது ரெண்டாயிரம் பவுண்ட். வேலை செஞ்சு அடைச்சிடு. இல்லேன்னா உங்கம்மா எந்த பஸ்ஸில் வேலைக்குப் போறாங்கன்னு தெரியும்." அந்தக் கடன் அடைவதே இல்லை. அடையப் போகிறது என்றால் இன்னொரு திருட்டு நடக்கும். தன்னைக் கொள்ளையடித்தவனிடமே கடன்பட்டிருக்கிறோம் என்பது தெரியாமல் மாதக்கணக்கில் உழைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போகிற ஊரில் தங்குவது எங்கே தெரியுமா? அதற்கும் ஒரு பலவீனமானவர் வேண்டும். மனநலம் குன்றியவர், தனியாக இருக்கும் முதியவர், தானே போதைக்கு அடிமையானவர். இவர்களில் ஒருவர் வீட்டுக்குள் நண்பர்போல் நுழைந்து, அவரையே ஓர் அறைக்குள் ஒதுக்கிவிட்டு, வீட்டைக் கடையாக்கிவிடுவார்கள். குக்கூயிங் என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், தரையில் ஊசிகள் கிடக்க, 15 வயதுப் பிள்ளை நாட்கணக்கில் உட்கார்ந்து விற்கும். வாங்க வருபவர், வீட்டுக்காரர், விற்கும் பிள்ளை, மூவருமே இரைதான். காவல்துறை கதவை உடைத்தால் அங்கே இருப்பவர்களும் அந்த மூவர்தான்.

#6 | தேன்மொழி

ரவி அண்ணா, நம் தமிழ்ப் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்களா?

#7 | ஈஸ்ட்ஹாம் ரவி

இருக்கிறார்கள். எந்தச் சமூகமும் விலக்கில்லை. நம் வீடுகளில் கூடுதலாக ஒரு சிக்கல், மானம். பிள்ளை இரண்டு இரவு வீட்டுக்கு வரவில்லை என்றால் போலீசுக்குச் சொல்லாமல், "உறவுக்காரர் வீட்டில் இருக்கிறான்" என்று பள்ளிக்குச் சொல்லிவிடுவார்கள். காணாமல் போன பதிவு இல்லாததால் பின்னால் அவன் சுரண்டப்பட்டான் என்று நிரூபிக்க வழக்கறிஞரிடம் ஒரு காகிதம்கூட இருக்காது. போன் இரண்டு, சம்பந்தமில்லாத ஊருக்கு ரயில் டிக்கெட், விலை தெரியாத புதுக் காலணி, குளிக்காமல் வந்து ஒரு நாள் முழுக்கத் தூங்குவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள்.

#8 | பினாங்கு வழக்கறிஞர்

மலேசியச் சட்டம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். இங்கேயும் 1952-ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டம், 39பி பிரிவு, 15 கிராம் ஹெராயின். கட்டாயத் தூக்கு 2023 ஜூலையில்தான் முழுதாக நீக்கப்பட்டது.

கதிர் பேசியது ஆண்களை. பெண்களைப் பிடிக்கும் வழி பெட்டி. விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் பெண்ணின் முகத்தில் குற்றவாளி என்று எழுதி ஒட்டியிருக்காது, அதனால் பெண் வேண்டும். அல்மா நூடோ என்ற பிலிப்பைன்ஸ் பெண்ணின் வழக்கும் ஒரு தாய்லாந்துப் பெண்ணின் வழக்கும் சேர்த்து 2019 ஏப்ரலில் மலேசியாவின் உச்ச அமைப்பான கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தன. இருவர் பெட்டியிலும் மெத்தாம்ஃபெட்டமின் (மெத்) என்ற போதைப்பொருள். சட்டம் அப்போது என்ன சொன்னது? பெட்டி உன்னுடையது, அதனால் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும் என்று ஓர் அனுமானம். தெரிந்து வைத்திருந்ததால் நீ கடத்தினாய் என்று அதன் மேல் இன்னோர் அனுமானம். இரண்டு அனுமானத்தையும் அடுக்கி ஒருவரைத் தூக்கில் போடலாம். இந்த அடுக்கு அரசியலமைப்புக்கு முரண் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் ஓர் ஆஸ்திரேலியப் பாட்டி, மரியா எல்விரா பின்டோ எக்ஸ்போஸ்டோ, விடுதலையானார். இணையத்தில் அமெரிக்க ராணுவ அதிகாரி என்று பழகியவனை நம்பி ஷாங்காய் போய், யாரோ கொடுத்த பையை வாங்கிக்கொண்டு, கோலாலம்பூர் வழியாகத் திரும்பியவர். பையைச் சோதனைக்கு அவராகவே நீட்டினார். உள்ளே ஒரு கிலோவுக்கு மேல் மெத். 2017-இல் விடுதலை, 2018-இல் மேல்முறையீட்டில் தூக்கு, 2019-இல் மறுபடி விடுதலை. படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், தூதரகம் துணை நின்றது, நல்ல வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். அவருக்கே கழுத்துவரை வந்துவிட்டுப் போனது.

மேரி ஜேன் வெலோசோவை எல்லோரும் அறிவீர்கள். துபாயில் வீட்டு வேலையிலிருந்து தப்பி வந்த பிலிப்பைன்ஸ் பெண். மலேசியாவில் வேலை என்று தெரிந்தவரே அழைத்துவந்தார். வந்த பிறகு வேலை இல்லை, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா போய்வா என்று புதுப்பெட்டி ஒன்று. 2010 ஏப்ரலில் அதற்குள் 2.6 கிலோ ஹெராயின். 2015-இல் சுட்டுக் கொல்லக் குறித்த இரவில், வேலைக்கு அழைத்த பெண் பிலிப்பைன்ஸில் சரணடைந்ததால் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில்தான் தாய்நாடு திரும்பினார். ஆள் பிடித்தவர் அகப்பட்டதால் சுமந்தவர் உயிர் பிழைத்தது, அபூர்வம்.

#9 | வடசென்னை வக்கீல்

பினாங்கு நண்பருக்கு வணக்கம். எங்கள் ஊரில் இந்த வழக்குகளில் தூக்கு நடைமுறையில் கிடையாது, ஆனால் கதை அதேதான்.

ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில், பாடேரு, சிந்தப்பள்ளி, மல்கான்கிரி பக்கம் விளையும் கஞ்சா சென்னை வழியாக எங்கெங்கோ போகிறது. விளைவிப்பது பழங்குடி விவசாயி. தூக்கி வருவது கூலிக்காரன், ரயில் பொதுப்பெட்டியில். 20 கிலோவைத் தாண்டிவிட்டால் வணிக அளவு. குறைந்தது பத்து ஆண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவால் ஜாமீன் கிட்டத்தட்டக் கிடையாது. எஃப்ஐஆரில் பாருங்கள், ஏ1, அதாவது முதல் எதிரி, தூக்கி வந்தவன், ஏ2 "தலைமறைவு எதிரி". அந்த ஏ2-வின் முழுப்பெயர்கூட இருக்காது, "ராஜூ என்கிற அண்ணாச்சி" என்று இருக்கும். வழக்கு முடியும்வரை அவர் தலைமறைவாகவே இருப்பார். அவருக்குத் தலைமறைவாக இருக்க எந்தச் சிரமமும் இல்லை, யாரும் தேடுவதில்லை.

ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர். போதைத் தடுப்பு அதிகாரி முன் 67-ஆவது பிரிவில் எழுதி வாங்கும் வாக்குமூலம் ஒப்புதல் வாக்குமூலமாகச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவன் கையெழுத்து போட்ட தாளை வைத்தே தண்டித்துவிட்ட காலத்துக்கு அது ஓரளவு முடிவு கட்டியது. ஆனால் அதே தீர்ப்பைக் காட்டி நல்ல வக்கீல் வைத்த பெரிய ஆட்களும் வெளியே வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

#10 | உட்லண்ட்ஸ் செல்வி

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் ஒரு கேள்வி கேட்கிறேன், யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

நாளை முதல் அறிவுத்திறன் குறைந்தவருக்குத் தூக்கு இல்லை, கடனாளிக்குத் தூக்கு இல்லை, பெண்ணுக்கு இல்லை, 21-க்குக் கீழே இல்லை என்று சட்டம் போட்டால் கும்பல் என்ன செய்யும்? அப்படிப்பட்டவர்களை மட்டுமே தேடித் தேடி அனுப்பும். நீங்கள் காப்பாற்ற நினைப்பவர்களுக்கே சந்தை விலை ஏறும். இது கல் மனசால் கேட்கும் கேள்வி இல்லை.

இன்னொன்று, இங்கே மேலே இருப்பவர் மாட்டுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையா கஞ்சாவைக் கையால் தொடாதவர். தொலைபேசி எண்களை வைத்து, ஒருங்கிணைத்தவர் என்று நிரூபித்தார்கள்.

#11 | ஈஸ்ட்ஹாம் ரவி

செல்வி, நேர்மையான கேள்வி. நேராகவே சொல்கிறேன், நீங்கள் சொல்வது ஓரளவு இங்கே நடந்தது. 2015-இன் நவீன அடிமைத்தனச் சட்டத்தில் 45-ஆவது பிரிவு இருக்கிறது. சுரண்டப்பட்ட பிள்ளை அதன் விளைவாகக் குற்றம் செய்தால் அதைத் தற்காப்பாகச் சொல்லலாம். "மாட்டினால் இதைச் சொல்" என்று கும்பலே பாடம் எடுப்பதாகக் காவல்துறையினர் புகார் சொல்கிறார்கள். எடுப்பார்கள், ஏன் மாட்டார்கள்?

ஆனால் அதே சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. அனுப்பியவனைப் போதை விற்றதற்காக மட்டுமல்ல, ஆள் கடத்தியதற்காகவும் பிடிக்கலாம். 2018 அக்டோபரில் பர்மிங்காமைச் சேர்ந்த ஒருவன், லிங்கன் என்ற ஊருக்குப் பிள்ளைகளை அனுப்பியவன், 14 ஆண்டு சிறை போனான். பிள்ளைகளைக் கடத்தியதாக ஒரு லைன்காரன் தண்டிக்கப்பட்டது அதுதான் முதல் முறை. அதற்கு முந்தைய டிசம்பரில் 19 வயதுப் பெண்ணை ஸ்வான்சீக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்து விற்கச் செய்த இருவர் உள்ளே போனார்கள். பிள்ளை வாய் திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் குறைந்தது. எண் யாருடன் பயணம் செய்தது, எந்தக் கோபுரத்தில் பதிந்தது என்று தொலைபேசிப் பதிவை வைத்தே லைன்காரனை நெருங்குகிறார்கள். பயந்துபோன 15 வயதுக்காரனை விட கோபுரப் பதிவு நல்ல சாட்சி.

பிரிட்டனை மெச்சிக்கொள்ளவும் இல்லை. கஞ்சா வளர்க்கும் வீடுகளில் அடைபட்டிருந்த இரண்டு வியட்நாமியச் சிறுவர்களை 2009-இல் பிடித்து, கடத்திவரப்பட்டவர்களாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வலுவான காரணம் இருந்தும் தண்டித்தார்கள். அது தப்பு என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்ல 2021 ஆனது.

#12 | குலாய் கதிர்

//கும்பல் என்ன செய்யும்? அப்படிப்பட்டவர்களை மட்டுமே தேடித் தேடி அனுப்பும்.//

அக்கா, இப்போது யாரை அனுப்புகிறார்கள்? இதே ஆட்களைத்தான். கடுமையான சட்டம் இருக்கும்போதும் பலவீனமானவன்தான் போகிறான், ஏனென்றால் தண்டனையை எடைபோட்டுப் பார்க்கும் நிலையில் இருப்பவன் போகமாட்டான். அச்சுறுத்தல் வேலை செய்வதே கணக்குப் போடத் தெரிந்தவனிடம்தானே. அவன் கணக்குப் போட்டுவிட்டான், அதனால்தான் வேறொருவனை அனுப்புகிறான்.

நான் விலக்கு கேட்கவில்லை. சான்றிதழைத் தகவலின் பயனோடு கட்டாதீர்கள் என்கிறேன். தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னானா என்று பாருங்கள். அவன் சொன்னதால் யாராவது பிடிபட்டார்களா என்பது அவன் கையில் இல்லாத விஷயம்.

தங்கராஜு பற்றிச் சொன்னீர்கள். ஒருங்கிணைத்தவர் என்றே வைத்துக்கொள்வோம், அவருக்கும் மேலே யார்? இந்தப் பக்கத்து மெத் வியாபாரத்தின் தலைவர் என்று ஆஸ்திரேலியக் காவல்துறை குற்றம்சாட்டிய ட்சே சி லோப் 2021-இல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில்தான் பிடிபட்டார், உட்லண்ட்ஸில் அல்ல.

#13 | உட்லண்ட்ஸ் செல்வி

//தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னானா என்று பாருங்கள்//

இதை நான் ஏற்கிறேன். மற்றதில் என் கருத்து மாறவில்லை.

#14 | தனலட்சுமி மாசாய்

இழையைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா என்று தயக்கம். என் அக்கா மகன், 22 வயது, ஜொகூர் பாருவில் கிடங்கு வேலை. மூவாயிரம் ரிங்கிட் வாங்கியிருக்கிறான். ஏடிஎம் அட்டை அவர்களிடம். இப்போது ஒருவர், கதிர் எழுதிய அதே மாதிரி அண்ணன், "ஒரு மோட்டாரை உட்லண்ட்ஸில் ஓர் இடத்தில் விட்டுட்டு பஸ்ஸில் வந்துடு, ஆயிரம் கழிச்சுடறேன்" என்கிறாராம். பையில் எதுவும் கொண்டுபோக வேண்டாம், மோட்டார் மட்டும்தான் என்கிறான். இதில் ஏதாவது இருக்கிறதா?

#15 | பினாங்கு வழக்கறிஞர்

அம்மா, போகவே கூடாது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் வாகனத்துக்குள் போதைப்பொருள் இருந்தால் அது அந்த வாகனத்தின் உரிமையாளரிடமும், அப்போது அதைப் பொறுப்பில் வைத்திருந்தவரிடமும் இருந்ததாகவே அனுமானிக்கப்படும். சாவி கையில் இருந்தாலே போதும். "எனக்குத் தெரியாது" என்பதை அவன்தான் நிரூபிக்க வேண்டும். ஆயிரம் ரிங்கிட்டுக்கு யாரும் சும்மா மோட்டார் ஓட்டச் சொல்ல மாட்டார்கள்.

#16 | குலாய் கதிர்

அக்கா, முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். வேறு வங்கியில் கணக்கு திறந்து சம்பளத்தை அங்கே போடும்படி அவன் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கட்டும். அட்டை அவர்களிடம் இருக்கும்வரை அந்தக் கணக்கில் வேறு யார் பணமாவது வந்துபோகும், அதற்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குறுஞ்செய்தி எதையும் அழிக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம், அதனால் போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கலாம். கடன் வாங்கியதற்காக அவனைப் பிடிக்க மாட்டார்கள். மசீச (மலேசிய சீனர் சங்கம்) கட்சியின் பொதுப் புகார் பிரிவு ஆலோங் வழக்குகளை நிறையப் பார்த்தது, இன வேறுபாடு பார்ப்பதில்லை, நாம் போகலாம். ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு வங்கிக் கடன் போன்றவற்றுக்குத்தான், ஆலோங் கடனுக்கு அங்கே அலைய வேண்டாம். அந்த அண்ணனை நேரில் பார்த்து "முடியாது" என்று சொல்ல அவன் தனியாகப் போகக் கூடாது.

#17 | மோகன்77

மாசாயில்தான் இருக்கேன். ஸ்டேஷனுக்குப் போக ஆள் துணை வேணும்னா சொல்லுங்க அக்கா. வேன் இருக்கு.

#18 | நெறியாளர்

யாரும் பையனின் பெயர், வேலை இடம், கைப்பேசி எண் எதையும் இங்கே எழுத வேண்டாம். #14-இல் இருந்த ஒரு விவரத்தை நீக்கியிருக்கிறேன். மற்றவை தனிமடலில்.

#19 | தனலட்சுமி மாசாய்

அட்டையை முடக்கிவிட்டோம். அதற்குள் கணக்கில் எங்களுக்குத் தெரியாத இரண்டு பெயர்களிலிருந்து பணம் வந்து எடுக்கப்பட்டிருக்கிறது. மோட்டாருக்கு மாட்டேன் என்று செய்தி அனுப்பிவிட்டான். இன்று மதியம் அக்கா வேலை செய்யும் இடத்துக்கே அழைத்து அவள் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறார்கள். நாளைக் காலை ரிப்போர்ட் கொடுக்கப் போகிறோம். அவன் மேலேயே வழக்கு வந்துவிடுமா என்று அக்கா பயப்படுகிறாள்.

#20 | பினாங்கு வழக்கறிஞர்

அந்த இரண்டு வரவுகளையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் அவன் கணக்கை வாடகைக்கு விட்டவன் ஆகிவிடுவான், நீங்கள் சொன்னால் புகார்தாரர். வங்கி அறிக்கையை அச்செடுத்துக்கொள்ளுங்கள், அட்டையைக் கொடுத்த தேதியையும் முடக்கிய நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்று வந்த அழைப்பின் எண்ணையும் நேரத்தையும் தனியாகக் குறித்து, மிரட்டல் என்ற சொல்லை ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. ஜொகூரில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார், எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். இன்றிரவே அழையுங்கள், எட்டரைக்குமேல் எடுப்பார்.

#21 | மோகன்77

காலையில் ஏழரைக்கு ஃப்ளாட் கீழே நிக்கிறேன். தம்பியும் வரட்டும், போனை சார்ஜ் போட்டு எடுத்துவரச் சொல்லுங்க.